நாய்களுக்குப் போட்ட மைதானம்

எங்கள் கிளப்புக்கு இரண்டு மைதானங்கள் இருந்தன. முதலாவதை எங்களுக்காகப் போட்டோம். இரண்டாவதை நாய்களுக்காகப் போட்டோம். பிற்பாடு முதலாவது கையைவிட்டுப் போயிற்று. நாய்களுக்குப் போட்டதில்தான் கடைசிவரை ஆடினோம். இதைச் சொன்னால் கேட்கிறவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அந்தத் திடலில் பொழுது சாய்கிற நேரத்தில் ஒருதரம் நின்றிருந்தால் அவர்களுக்குச் சிரிப்பு வந்திருக்காது.

தண்டையார்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூருக்குப் போகிற ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் திடல். கிழக்கே அலை. மேற்கே ரோடு. தெற்கே ஒரு வரிசை ஓட்டு வீடு. வடக்கே வெறும் மணலும் எருக்கஞ்செடியும், எண்ணூர் வரைக்கும். கிளப் என்றால் கட்டடம், பலகை எதுவும் கிடையாது. ஒரு தோல் பந்து, அதற்குள் போடுகிற பிளாடர், பந்தின் வாயைத் தைக்க ஒரு கோணி ஊசி, தோல் வெடிக்காமல் தடவ ஒரு டப்பா ஆட்டுக் கொழுப்பு. இவ்வளவுதான் கிளப். மைதா மூட்டைத் துணியில் சட்டை தைத்துக் காவிக்கல் கரைசலில் முக்கி எடுப்போம். மழையில் ஆடினால் சாயம் உடம்பெல்லாம் வழியும். வீட்டுக்குப் போனால் வெட்டுப்பட்டு வந்தவன் மாதிரி நிற்போம். பூட்ஸ் கிடையாது. கணுக்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு வெறுங்காலில்தான் ஆட்டம். கோல் கம்பம் சவுக்கு. மேலே குறுக்குக் கட்டைக்குப் பதில் படகுக் கயிறு. பந்து கயிற்றுக்கு மேலே போனதா கீழே போனதா என்று அடித்துக்கொண்டே பாதி ஆட்டம் முடிந்துவிடும்.

ஆடினவர்கள் எல்லாம் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்கள், தீப்பெட்டிக் கம்பெனி ஆட்கள், படகு செப்பனிடுகிறவர்கள். நான் மூட்டை. ஆட்டத்தில் ரைட் அவுட், வலது ஓரமாக ஓடுகிறவன். மூட்டை தூக்குகிறவனுக்கு முதுகு வலுக்கும், கால் வலுக்காது என்பார்கள். எனக்குக் கால்தான் இருந்தது. சரி, அது வேறு கதை.

ஒரு வழக்கத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. மைதானத்துக் கோடுகளை யார் வேண்டுமானாலும் போடலாம். மண்ணெண்ணெய் டின்னுக்கு அடியில் ஆணியால் ஓட்டை குத்தி, கிளிஞ்சல் சுண்ணாம்பை நிரப்பி, ஆட்டிக்கொண்டே நடந்தால் கோடு விழும். ஆனால் கோல் கோட்டை மட்டும் கோலிதான் போட வேண்டும். கோல்கீப்பரை நாங்கள் கோலி என்போம். அவன் முட்டிபோட்டு, தூளைப் பிடிப்பிடியாக அள்ளி, தன் கையாலேயே ஒரு கம்பத்திலிருந்து மறு கம்பம்வரை இழுக்க வேண்டும். தான் போட்ட கோட்டைத்தான் ஒருத்தன் உயிரைக் கொடுத்துக் காப்பான் என்று ஒரு நம்பிக்கை. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. நான் சேர்ந்தபோதே அப்படித்தான் இருந்தது.

எங்கள் கோலி ஹார்பரில் கிரேன் ஓட்டுகிறவன். நெட்டை ஆள். தெற்கு வரிசை வீட்டில் முதல் வீடு அவனுடையது. கதவைத் திறந்தால் எதிரே கோல். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசற்படி இறங்கினால் கம்பத்துக்கு நடுவில் நிற்பான்.

"உனுக்கு இன்னா மாமு, வூட்ல தூங்கிகினே கோல் புடிக்கலாம்" என்று கிண்டல் செய்வோம்.

"நீங்க பந்த அந்தாண்டையே வச்சுகினு இருந்தா நான் மெய்யாலுமே தூங்கிருவேன். எங்க வுடுறீங்க" என்பான்.

அவன் பெண்சாதி வாசலில் நின்று ஆட்டம் பார்ப்பாள். பெண்கள் பந்தாட்டம் பார்க்கிற காலமில்லை அது. ஆனால் வாசலிலேயே ஆட்டம் நடந்தால் அவள் எங்கே போவாள். அவள் காலடியில் ஒரு செவலை நாய். குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தது. முன்னங்கால் ஒன்று மட்டும் சுண்ணாம்பில் தோய்த்த மாதிரி வெள்ளை.

அவள் அவனுக்குத் தாய்மாமன் மகள். தெற்கத்திக்காரர்கள், ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரர்கள். மாமனுக்கு ராயபுரத்தில் கருப்பட்டியும் கருவாடும் மொத்தமாக வாங்கி விற்கிற மண்டி. கோலி ராயபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன் என்பதால் எங்களைப் போலப் பேசுவான். அது மாமனுக்கு ஆகாது. "என் தங்கச்சி மவன் வாயத் தொறந்தா சாக்கடை அடைப்பு எடுத்த மாதிரில்லா வருது" என்பார். ஆனாலும் பெண்ணைக் கொடுத்திருந்தார். முறை விட்டுப்போகக் கூடாதல்லவா.

அப்புறம் சண்டை வந்தது. ஜப்பான்காரன் கப்பலில் வருகிறான், மெட்ராஸ்மேல் குண்டு போடப் போகிறான் என்று ஒரு சித்திரை மாசத்தில் ஊரே கிளம்பிற்று. ஜட்கா, கட்டை வண்டி, கை வண்டி, தலைச்சுமை என்று ரோடு முழுக்கச் சனம். ஹார்பர் ஆட்கள் மட்டும் போகக் கூடாது, போனால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மாமன் மண்டியைப் பூட்டிக்கொண்டு வண்டியோடு மகளை அழைத்துப் போக வந்தார். அவளுக்கு அப்போது வயிறு தெரிய ஆரம்பித்திருந்தது.

நான் பெட்டி தூக்கி ஏற்றக் கூட இருந்தேன். மாமன் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "புள்ள அங்கன பொறக்கட்டும். பொறவு நானே வந்து பாக்கேன். மனுசன் குடியிருக்கிற எடமா இருந்தா தாயையும் புள்ளையையும் கொண்டாந்து விடுதேன். இல்லன்னா அவ அங்கனயே கெடக்கட்டும்."

"மனுசன் இல்லாம நான் இன்னா மாமா, மாடா?" என்றான் கோலி.

"அதத்தான் வந்து பாக்கேங்கேன்."

வண்டிக்குப் பின்னாலேயே அந்தச் செவலை ஓடிற்று. அவள் திரும்பித் திரும்பி "வீட்டுக்குப் போ" என்று கையைக் காட்டிக்கொண்டே போனாள். அது போகவில்லை. சில நாள் கழித்து, பாதம் எல்லாம் புண்ணாகி, தானாகத் திரும்பி வந்தது. வீட்டுக்குள் வரவில்லை. கோல் கம்பத்துக்குக் கீழே, ரோட்டைப் பார்த்துத் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது. கோலி சோறு வைத்தால் அவன் உள்ளே போகிறவரை தொடாது.

காலியான ஊரைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். ராயபுரத்தில் நான் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். பூட்டின கதவுகள். கொடியில் போட்ட புடவை அப்படியே ஆடிக்கொண்டிருக்கும். மூன்று நாலு தெரு தாண்டி ஒருத்தன் இருமினால் நமக்குப் பக்கத்தில் இருமின மாதிரி இருக்கும். பூட்டின ஒரு வீட்டுக்குள் சுவர்க் கடிகாரம் அடித்தது. நின்று கேட்டேன். சாவி கொடுத்தவர்கள் போய்விட்டார்கள், அது மட்டும் யாருக்கோ மணி சொல்லிக்கொண்டிருந்தது. மறுவாரம் அதுவும் நின்றுவிட்டது. பொழுது போனால் விளக்கு ஏற்றக் கூடாது. கடலில் ஒரு கப்பல் வெளிச்சம் இல்லை. கடல் எங்கே ஆரம்பிக்கிறது என்று சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

போனவர்கள் நாய்களை விட்டுவிட்டுப் போனார்கள். பங்களா நாய், தெரு நாய், கழுத்தில் தோல் பட்டை போட்ட நாய், பிள்ளைகள் மணி கட்டிவிட்ட நாய். முதலில் அந்தந்த வாசலில் படுத்துக் குரைத்தன. அப்புறம் ஊளையிட்டன. அப்புறம் ஒரேயடியாகச் சத்தத்தை நிறுத்திவிட்டன. அதுதான் பயமாக இருந்தது.

எங்கள் டீமில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்கள் வேலை முடிந்து திடலுக்கு வருவோம். வேறு எங்கே போவது. சாயாக் கடையும் மூடிவிட்டது. தன்னைப் போல இருக்கிற நாலு பேரைப் பார்க்க வேண்டுமே. கோடு அழிந்துபோயிருந்தது. சுண்ணாம்புக் காளவாய்க்காரன் எண்ணூர்ப் பக்கம் இருந்தான்; அவனும் ஓடிவிட்டான்.

லெஃப்ட் ஹாஃப் ஆடுகிறவன் ஒருத்தன் எலும்பு மில்லில் வேலை பார்த்தான். ஆடு மாடு அறுக்கிற புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியிலிருந்து வருகிற எலும்பைக் காயவைத்து உரத்துக்கு அரைக்கிற இடம். கப்பல் வராததால் அரைத்த தூள் மூட்டை மூட்டையாகத் தேங்கிக் கிடந்தது. அவன் இரண்டு மூட்டையைக் கைவண்டியில் தள்ளிக்கொண்டு வந்தான்.

"இன்னாடா இது?"

"கோட்டுத் தூளு. வெள்ளையா கீதா இல்லியா?"

"நாத்தம் அடிக்குதே."

"உன் கால்ல சுத்தினுகீற துணிய விடவா? போடு மாமு. பந்துக்கு மூக்கா கீது."

போட்டோம். கோலி வழக்கப்படி முட்டிபோட்டுக் கோல் கோட்டை இழுத்தான். தூள் இலவசம்தானே என்று மற்ற நாளைவிடப் பட்டையாகவே இழுத்தான். தன் வாசலுக்கு நேராக.

மறுநாள் விடியற்காலையில் வேலைக்குப் போகிற வழியில் திடலைப் பார்த்தேன். கோடுகள் வெள்ளையாக இல்லை. கறுப்பும் பழுப்புமாக, தடிமனாக இருந்தன. கிட்டே போனதும் தெரிந்தது. நாய்கள். ஒன்றின் வாலுக்கு மற்றொன்றின் மூக்கு என்று கோட்டின் மேலேயே வரிசையாகப் படுத்திருந்தன. பக்கக் கோடு, நடுக் கோடு, நடுவில் இருக்கிற வட்டம்கூட. நக்கிக்கொண்டிருந்தன. நாக்குச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. என்னைப் பார்த்து ஒன்றுகூடக் குரைக்கவில்லை. எல்லாம் தலையைத் தூக்கி, பார்த்து, தலையைக் கீழே வைத்துக்கொண்டன.

சாயங்காலம் ஆட வந்தோம். என்ன செய்வது என்று தெரியாமல் நின்றோம். பந்தை ஒருத்தன் உதைத்ததும் அவை எழுந்து, கோட்டுக்கு வெளியே போய், ஒரு முழம் தள்ளி, உள்ளே பார்த்து உட்கார்ந்துவிட்டன. கோட்டைத் தாண்டி ஒன்றும் உள்ளே வரவில்லை. பந்து இந்தப் பக்கம் போனால் எல்லாத் தலையும் இந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனால் அந்தப் பக்கம். முன்னே ஆட்டம் பார்க்க நாற்பது ஐம்பது பேர் வருவார்கள். இப்போது இவை. கைதட்டல் இல்லை, திட்டு இல்லை. பந்தை உதைக்கிற சத்தமும் எங்கள் மூச்சும்தான் கேட்டது. ஆடி முடித்து நாங்கள் ரோடு ஏறினதும், மறுபடி கோட்டின்மேல் போய்ப் படுத்துக்கொள்ளும்.

செவலை மட்டும் நக்கவில்லை. கோல் கோட்டின் முனையில், கம்பத்தடியில், முன்னே படுத்த மாதிரியே ரோட்டைப் பார்த்துப் படுத்திருந்தது.

கொஞ்ச நாளில் குண்டுக் காவல் பார்க்கிற வார்டன் ஒருத்தர் சைக்கிளில் வந்தார். "மேல ஏரோப்ளேன்ல இருந்து பார்த்தா வெள்ளைக் கோடு பளிச்சுன்னு தெரியும். அழிச்சிடுங்க" என்றார். மண்வெட்டியால் அள்ளி, கடல் தண்ணீர் ஊற்றி, மேலே புது மணல் போட்டோம். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. மறுநாள் விடிந்தால் நாய்கள் அதே இடத்தில் அதே கோடாகப் படுத்திருக்கின்றன. மூலையில் சரியாகத் திரும்புகின்றன. வட்டம் வட்டமாகவே இருக்கிறது. வார்டன் மறுபடி வந்தார். சைக்கிளை நிறுத்தி, ஒரு காலை ஊன்றிப் பார்த்தார். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அப்புறம் அந்தப் பக்கம் வரவில்லை.

நாங்களும் பழகிக்கொண்டோம் என்றுதான் சொல்ல வேண்டும். பந்து வெளியே போச்சா இல்லையா என்று தகராறு வந்தால் லெஃப்ட் ஹாஃப் சொல்வான்: "அதுங்கள கேளு. அதுங்க எழுந்து வழி வுட்டா அவுட்டு."

அது சரியாகவே இருந்தது. அதற்காகச் சந்தோஷப்பட முடியவில்லை.

ஆவணி வாக்கில் பயம் தணிந்து சனம் திரும்ப ஆரம்பித்தது. எங்களோடு ஆட வழக்கமாக வருகிற டீம்காரர்கள் ஒருதரம் வந்தார்கள். ரோட்டோரத்தில் நின்று பார்த்தார்கள். அவர்கள் கேப்டன் சொன்னான்: "நைனா, நாங்க பதினோரு பேரோட ஆட வந்தோம். இத்தினி பேரோட ஆட முடியாது." திரும்பிப் போய்விட்டார்கள். எங்கள் திடலுக்கு நாய்த் திடல் என்று பெயர் வந்தது. அப்புறம் சுடுகாட்டுத் திடல் என்றார்கள். மில் எலும்பில் மனுஷ எலும்பும் கலந்திருக்கிறது, பர்மாவிலிருந்து நடந்து வரும்போது செத்தவர்களுடையது என்று எவனோ கட்டிவிட்டான். பொய்தான். எங்கே பர்மா, எங்கே புளியந்தோப்பு. ஆனால் அந்த வருஷம் ரங்கூனுக்குப் போன ஆளைத் தேடிக்கொண்டிருந்த வீடு தெருவுக்குத் தெரு இருந்தது. அவர்கள் அந்த வழியாகப் போகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள்.

அந்த நேரத்தில்தான் மாமன் திரும்பி வந்து மண்டியைத் திறந்தார். மண்டி ஆள் ஒருத்தன் கோலியிடம் வந்து சேதி சொன்னான். பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாமன் வீட்டைப் பார்க்க வருகிறார்.

கோலி அன்றைக்கு ஆடவில்லை. வாசற்படியில் உட்கார்ந்து நாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் வாசலுக்கு எதிரில்தான் நெருக்கமாகப் படுத்திருந்தன. பட்டையாகப் போட்ட கோடு அல்லவா.

"இத்தப் பார்த்தாருன்னா கொயந்தய என் கண்ணுல காட்ட மாட்டாரு" என்றான்.

"கல்லால அடிச்சி வெரட்டிறலாம்" என்றேன்.

"அடிச்சுப் பாரு."

அடித்துப் பார்த்தோம். நகரும், கை ஓய்ந்ததும் வந்து படுக்கும். குரைத்தால், கடிக்க வந்தால் மனசுக்குச் சமாதானமாக இருந்திருக்கும்.

லெஃப்ட் ஹாஃப்தான் யோசனை சொன்னான். "அதுங்களுக்கு வோணும்ன்றது கோடுதானே. வேற எடத்துல புச்சா ஒரு கிரவுண்டு போட்டு வுட்டுருவோம். வாசம் புடிச்சுகினு அங்க போயிடும்."

பைத்தியக்கார யோசனைதான். ஆனால் அந்த ஆறு மாசம் எங்களுக்கு எது பைத்தியம், எது இல்லை என்று பிரித்துப் பார்க்கிற புத்தி கொஞ்சம் மழுங்கியிருந்தது. மறுபடி எலும்புத் தூள் மூட்டைகளைத் தள்ளிக்கொண்டு, ரோட்டோடு வடக்கே, எங்கள் திடல் கண்ணுக்கு மறைகிற தூரம் போனோம். ரோட்டை ஒட்டி ஒரு வெட்டவெளி. அங்கே எருக்கைப் பிடுங்கிவிட்டு, காலடி வைத்து அளந்து, முழு மைதானம் போட்டோம். சும்மா கொட்டிவிட்டு வந்திருக்கலாம். ஏன் ஒழுங்காகக் கோடு போட்டோம் என்று இன்றைக்கும் தெரியவில்லை. கோடு போட்டுப் பழகின கை. கோல் கோடு வந்தபோது எல்லாரும் கோலியைப் பார்த்தோம். கம்பம் இல்லை, கயிறு இல்லை. ஆனாலும் அவன் முட்டிபோட்டுக் கையால் இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது எங்கள் திடல் காலி. வெறும் மணல். அலைச் சத்தம்கூட அன்றைக்குப் பெரிதாகக் கேட்டது. செவலை மட்டும் போகவில்லை. கம்பத்தடியில், ரோட்டைப் பார்த்து, அப்படியே கிடந்தது.

"அது நம்ம வூட்டு நாய்தான். கெடக்கட்டும்" என்றான் கோலி. வீட்டுக்கு வெள்ளை அடித்திருந்தான். ஒரு தூளி வாங்கி உத்தரத்தில் கட்டி வைத்திருந்தான். ஆளில்லாத தூளி கடல் காற்றில் தானாக ஆடிக்கொண்டிருந்தது. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை.

மாமன் ராயபுரத்திலிருந்து வருவார் என்று தெற்கே பார்த்துக்கொண்டே நாங்கள் நாலு பேர் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தோம், ஊர் உயிரோடு இருப்பதாகக் காட்ட. பொழுது மஞ்சளாகி, சிவப்பாகி, தணிய ஆரம்பித்தது. ஜட்கா வந்தது. வடக்கிலிருந்து.

கருவாட்டு வியாபாரி எங்கே போவார். காலையில் ஆராதனை முடிந்த கையோடு எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பத்துக்குப் போயிருக்கிறார், கருவாடு வரத்து ஆரம்பித்ததா என்று பார்க்க. அங்கிருந்து நேராக வருகிறார். எங்களில் ஒருத்தனுக்கும் அது தோன்றவில்லை. கோலி ஒரு தடவை வடக்கே பார்த்தான். அவன் முகம் வெளுத்துவிட்டது.

ஜட்காக் குதிரை நுரை தள்ளிக்கொண்டு வந்து நின்றது. மாமன் இறங்கினார். மேல்துண்டால் வாயைப் பொத்தியிருந்தார்.

"ஏல மாப்பிள," என்றார் மெதுவாக. "வார வழியில ஒண்ணு பாத்தேன். அது என்னன்னு நீ எனக்குச் சொல்லணும்."

"உள்ள வா மாமா. காபி போட்டு வெச்சுகீறேன்."

"குதிர நின்னுட்டு. போவ மாட்டேங்கு. அம்புட்டு நாயி. கோடு புடிச்ச மாதிரி, சவுக்கமா, மூலைக்கு மூலை. நடுவுல வட்டமா ஒரு கூட்டம். எல்லாம் உள்ள பாத்துட்டு இருக்கு. உள்ள ஒண்ணுமே இல்ல, மாப்பிள. ஒரு மனுசன் இல்ல. வெறும் மண்ணு. ஆனா எல்லாத் தலையும் சேந்து இந்தப் பக்கம் திரும்புது, சேந்து அந்தப் பக்கம் திரும்புது. எதப் பாக்குதுவ?"

என் காலடியில் பந்து இருந்தது. அதை நகர்த்தக்கூடத் தோன்றவில்லை.

கோலி பொய் சொல்லியிருக்கலாம். தெருநாய் மாமா, எங்கேயாவது மாடு செத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். குழந்தை வந்து சேர்ந்திருக்கும். நான்கூட அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவன் சொன்னான்: "அது நாங்க போட்ட கோடு மாமா. எலும்புத் தூள்ல. அதுங்க இங்கதான் இருந்துச்சு. நீ வர்றன்னு அங்க தள்ளி வுட்டோம்."

மாமன் மைதானத்தைப் பார்த்தார். வீட்டைப் பார்த்தார். கம்பத்தடியில் கிடக்கிற செவலையைப் பார்த்தார். அது அவர் முகத்தைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை. மறுபடி ரோட்டுக்கே கண்ணைக் கொண்டுபோயிற்று.

"இது அவ நாயில்லா?"

"ஆமா."

"போன அன்னையிலருந்து இங்கனயா கெடக்கு?"

"எழுந்துக்கவே மாட்டேன்து மாமா."

"கல்லறையில கெடக்க வேண்டியத அள்ளி வாசல்ல கோலம் போட்டிருக்கிய. செத்தவிய வந்து குடியேறிட்டாவ" என்றார் மாமன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கஷ்டமாக இருந்தது. காபி குடிக்கவில்லை. படி ஏறவில்லை. தூளியை வாசலிலிருந்தே ஒருதரம் பார்த்தார். ஜட்காவில் ஏறித் தெற்கே போனார். அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார் என்று மண்டி ஆள் சொன்னான்.

அதற்கப்புறம் மழை பிடித்தது. அந்த வருஷ மழை நன்றாக நினைவிருக்கிறது. ஹார்பரில் அரிசி மூட்டை நனைந்து ஊறிப்போயிற்று, மூட்டை தூக்கினால் முதுகில் புளித்த தண்ணீர் ஒழுகும். கோலி வேலைக்குப் போனான், வந்தான். தூளியை அவிழ்க்கவில்லை. பந்தை மட்டும் எடுத்துக்கொண்டு போய் அவன் வாசலில் உதைப்போம். அவன் இறங்கி வந்து நிற்பான். எத்தனை பந்து அடித்தாலும் தடுப்பான். அந்த மாதிரி ஒருத்தன் கோல் காத்து நான் அப்புறம் பார்த்ததில்லை. காலுக்குப் பக்கத்தில் அந்த நாய், மழையில் நனைந்துகொண்டு. பந்து அதன்மேல் ஒருநாளும் படவில்லை.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்னால், மழை விட்டிருந்த ஒரு சாயங்காலம். ஆடிக்கொண்டிருந்தோம். செவலை எழுந்து நின்றது.

பந்து யாரிடம் இருந்ததோ, அவன் அப்படியே நின்றுவிட்டான். அது நின்றதை நாங்கள் பார்த்தே மாதக்கணக்காகியிருந்தது. ரோட்டில் யாரும் இல்லை. வண்டிச் சத்தம்கூட இல்லை. அது நின்றுகொண்டே இருந்தது, காதை முன்னால் வைத்து. வெகு நேரம் கழித்துத் தெற்கே வளைவில் ஒரு ஜட்கா தெரிந்தது.

அவள்தான். இடுப்பில் குழந்தை. கூட மண்டி ஆள் பெட்டியோடு. மாமன் வரவில்லை.

பிற்பாடு அவளே சொன்னாள். அப்பா ஊருக்கு வந்து எல்லாரையும் கூட்டி உட்காரவைத்து, பார்த்ததை எல்லாம் சொல்லியிருக்கிறார். ஆளில்லாத மைதானம், சேர்ந்து திரும்புகிற தலைகள், எலும்புக் கோடு. அங்கே போனால் பிள்ளை தங்காது என்று பயமுறுத்தத்தான் சொன்னார். கேட்டவர்கள் எல்லாம் பயந்தார்கள். சொல்லிவரும்போது, ஒன்றுவிடாமல் சொல்கிற ஆளல்லவா, நீ போன அன்றிலிருந்து உன் நாய் ரோட்டைப் பார்த்துக்கொண்டு எழுந்திருக்காமல் கிடக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். "மத்த எல்லாம் எனக்குக் காதுல ஏறல. அது மட்டும் ஏறிட்டு" என்றாள். மழை விடட்டும் என்று காத்திருந்து கிளம்பிவிட்டாள்.

ஜட்காவிலிருந்து இறங்கி மைதானத்துக்கு நடுவாகவே நடந்து வந்தாள். கோலி கம்பத்துக்கு நடுவில் நின்றவன் நகரவில்லை, இரண்டு கையையும் கொஞ்சம் விரித்துக்கொண்டு, பந்து வருகிற மாதிரியே நின்றான். அவள் குழந்தையை அவன் கையில் வைத்தாள்.

செவலை அவளிடம் ஓடும், குதிக்கும், மேலே விழும் என்று நாங்கள் நினைத்தோம். அது கிட்டே வந்தது. அவள் பாதத்தை முகர்ந்தது. எட்டி, குழந்தையின் தொங்குகிற காலை முகர்ந்தது. அவள் குனிந்து தலையைத் தொடப் போனாள். அதற்குள் திரும்பி, பக்கக் கோடு இருந்த இடத்தோடு நேராக நடந்து, ரோட்டில் ஏறி, வடக்கே போயிற்று. அவள் கூப்பிட்டாள். ஒருதரம்கூடத் திரும்பவில்லை. கண்ணுக்கு மறைகிறவரை ஓடவும் இல்லை, நடையாகவே போயிற்று, வேலை முடிந்து முறை மாற்றிவிட்டுப் போகிற ஆள் மாதிரி.

மறுநாள் லெஃப்ட் ஹாஃபும் நானும் வடக்குத் திடலுக்குப் போய்ப் பார்த்தோம். மழையில் தூள் எல்லாம் எப்போதோ கரைந்துபோயிருந்தது. நாய்கள் கோட்டில் இருந்தன. கோலி கையால் போட்ட கோல் கோட்டின் முனையில் செவலை படுத்திருந்தது. தலை இப்போது உள்ளே பார்த்திருந்தது, மற்றவற்றைப் போல. எங்களைத் தெரிந்த மாதிரியே காட்டிக்கொள்ளவில்லை.

குழந்தை தங்காது என்றார்களே, அது நன்றாக வளர்ந்தது. மாமனும் இரண்டு வருஷம் கழித்து வந்தார், பேத்தியைப் பார்க்காமல் இருக்க முடியாமல். எண்ணூர்ப் பக்கம் போக வேண்டியிருந்தால் மட்டும் வேறு ஆளை அனுப்பினார்.

வெள்ளைக்காரன் போய்ச் சில வருஷம் கழித்து எங்கள் திடலை வளைத்து ஒரு கம்பெனி கிடங்குச் சுவர் எழுப்பியது. கம்பத்தைப் பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு எங்கே போவது என்று ரோட்டில் நின்றோம். கால் வடக்கே போயிற்று. நாங்களே அளந்து, நாங்களே எருக்கைப் பிடுங்கின இடம். சண்டைக் காலத்து நாய்கள் அப்போது ஒன்றும் உயிரோடு இல்லை. அவற்றின் குட்டிகள், குட்டிகளின் குட்டிகள். ஊர் முழுக்க நிழல் இருக்க, அந்த வெயிலில், கோடு இல்லாத கோட்டில் வந்து படுத்திருந்தன. அவற்றுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

முதல் ஆட்டத்துக்குக் கோலியின் பெண்சாதியும் வந்தாள், மகள் கையைப் பிடித்துக்கொண்டு. நல்ல கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கியிருந்தோம். கோலிக்கு அப்போது முட்டி மடங்காது. இருந்தாலும் வழக்கத்தை விடாமல் உட்கார்ந்தான். அவன் கோடு இழுக்க வேண்டிய இடத்தில், கம்பத்தடியில், ஒரு செவலைக் குட்டி கிடந்தது. முன்னங்கால் ஒன்று வெள்ளை. அவன் கையில் சுண்ணாம்போடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

அவள் வந்து பக்கத்தில் குனிந்தாள்.

"தள்ளிப் படு" என்றாள் அதனிடம், வீட்டில் பேசுகிற குரலில். "ஆட்டம் தொடங்கப் போறாவ."

அது எழுந்து, ஒரு முழம் தள்ளி, உள்ளே பார்த்து உட்கார்ந்தது.